வரியின் ஈற்றில் நிற்கும் காணாக் குறிகள்

உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு செல்லும் மலைப்பாதையில், சின்னாற்றைக் கடந்து சில கல் தொலைவு ஏறினால் மறையூர் வரும். கேரள மாநிலத்தின் இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூர், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியில் அமைந்துள்ளது. மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய ஐந்து ஊர்களும் சேர்ந்து அஞ்சுநாடு என வழங்கும். இயற்கையாக வளர்ந்த சந்தனக் காட்டினாலும், 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற வெல்லத்தினாலும், முனியறை எனப்படும் கல்திட்டைகளினாலும் இவ்வூரைப் பலரும் அறிவர். இக்கட்டுரைக்கு வேண்டுவது வேறொரு செய்தி. இங்கே தமிழும் மலையாளமும் ஒரே கடைத்தெருவில் புழங்குகின்றன. இரு மொழிகளிலும் பதிவேடுகள் எழுதப்படுகின்றன. அன்றியும், இருவகைக் கணிப்பொறிகள் பக்கத்தில் பக்கமாக இயங்குகின்றன. கேரளப் பொதுப்பள்ளிகளில், 2001ஆம் ஆண்டில் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டமும், அதன் வழிவந்து 2017இல் அமைந்த கைட் நிறுவனமும் குனு லினக்ஸ் இயக்கமுறைமையைப் பரப்பின. ஆசிரியர் தம் வீட்டில் வைத்திருப்பதோ பெரும்பாலும் விண்டோஸ். ஒரே கோப்பு காலையில் ஒன்றிலும் மாலையில் மற்றொன்றிலும் திறக்கப்படுவது இங்கே வியப்பன்று. இவ்விரண்டும் ஒரு சிறு விஷயத்தில் ஒன்றோடொன்று இணங்குவதில்லை. அச்சிறு விஷயமே நாம் ஆராயப் புகுவது.

ஓர் உதாரணம் கொள்வோம். எண்ணிட்ட மரங்களின் பட்டியல் ஒன்று எளிய உரைக்கோப்பாக உள்ளது. மரத்துக்கு ஒரு வரியாக நாலாயிரம் வரிகள். ஒவ்வொரு வரியிலும் மர எண், மார்பளவுச் சுற்றளவு, அளந்த நாள், கடைசியாக 'நிற்கிறது' அல்லது 'விழுந்தது' என்னும் நிலை ஆகியவை காற்புள்ளியால் பிரிக்கப்பட்டுள்ளன. இக்கோப்பைப் பலர் மாறிமாறித் திருத்துவதால், எவர் எப்பொழுது எதை மாற்றினார் என்பதைக் காக்கும் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளான கிட்டில் அதை வைத்திருக்கிறார்கள். ஒருநாள் ஒருவர் ஒரே ஒரு மரத்தின் நிலையை மாற்றிப் பதிவிடுகிறார். மேலாளர் மாற்றத்தைச் சரிபார்க்கத் திறக்கிறார். நாலாயிரம் வரிகளும் நீக்கப்பட்டன என்றும், நாலாயிரம் வரிகள் புதிதாகச் சேர்க்கப்பட்டன என்றும் திரை காட்டுகிறது. இருபுறமும் உள்ள எழுத்துகள் கண்ணுக்கு ஒன்றே. ஏதோ இயந்திரக் கோளாறு என எண்ணி அவர் ஒப்புதல் அளித்துவிடுகிறார். அந்த நாலாயிரத்தில் ஒன்று உண்மையான மாற்றம். சந்தன மரம் ஒன்று நிற்கிறதா, விழுந்ததா என்பதே அது. அதை எவரும் பார்க்கவில்லை.

பதிவேட்டை வைத்திருப்பதன் பயனே இவ்விடத்தில் கெட்டுவிடுகிறது. யாரும் பொய் எழுதவில்லை. ஒரு பொத்தானும் தவறாக அழுத்தப்படவில்லை. பின் நிகழ்ந்தது என்ன?

இதை விளங்கிக்கொள்ளத் தட்டெழுத்துப் பொறியை நினைவுகூர்தல் வேண்டும். தட்டெழுத்துப் பயிலகங்களில் பயின்றோர்க்கு இது கைப்பழக்கம். ஒரு வரி முடிந்ததும் இடப்புறத்து நெம்புகோலைக் கையால் தள்ளுவோம். அந்த ஒரே தள்ளலில் இரண்டு செயல்கள் நிகழும்: உருளை திரும்பித் தாள் ஒரு வரி மேலேறும், உருளையைத் தாங்கும் வண்டி வரியின் தொடக்கத்துக்குத் திரும்பும். கை ஒன்றாகச் செய்வதால் இவை இரண்டு என்பது நமக்குத் தோன்றுவதில்லை. தொலை அச்சுப்பொறி வந்தபோது, நெம்புகோலைத் தள்ளக் கையில்லை. கம்பி வழியாக வரும் குறியே எல்லாவற்றையும் செய்தல் வேண்டும். ஆகவே டொனால்ட் மர்ரே என்பவர் 1901ஆம் ஆண்டையொட்டி அமைத்த தந்திக் குறிமுறையில், வண்டியைத் திருப்ப ஒரு குறியும், தாளை ஏற்ற ஒரு குறியும் தனித்தனியே இடம்பெற்றன. முன்னதைத் திரும்புகுறி என்றும், பின்னதை வரியேற்றுகுறி என்றும் இக்கட்டுரையில் வழங்குவோம்.

இரண்டையும் பிரித்ததில் ஒரு வசதி இருந்தது. வண்டியை மட்டும் திருப்பித் தாளை ஏற்றாது விட்டால், அதே வரியின்மேல் மீண்டும் அச்சிடலாம். எழுத்தைத் தடிப்பாக்கவும் அடிக்கோடிடவும் அது உதவியது. மேலும், வலக்கோடியிலிருந்து இடக்கோடிவரை வண்டி ஓடுவதற்கு ஓர் எழுத்தை அச்சிடுவதைக் காட்டிலும் மிகுந்த நேரம் பிடிக்கும். அதனால் திரும்புகுறியை முதலிலும் வரியேற்றுகுறியை அடுத்தும் அனுப்புவது வழக்கமாயிற்று. தாள் ஏறும் நேரத்தில் வண்டி வீடு சேர்ந்துவிடும். நம் நாட்டிலும் இப்பொறிகள் செய்யப்பட்டன. சென்னை கிண்டியில் 1960ஆம் ஆண்டு மத்திய அரசு நிறுவனமாக அமைந்த இந்துஸ்தான் டெலிபிரின்டர்ஸ், இத்தாலிய நாட்டு ஒலிவெட்டி நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் தொலை அச்சுப்பொறிகளை உற்பத்தி செய்தது. தந்திச் சேவை 2013ஆம் ஆண்டு ஜூலையில் நிறுத்தப்பட்டது. அப்பொறிகள் போய்விட்டன. ஆயினும் அவற்றின் வண்டியை ஓட்டிய குறி, வண்டியே இல்லாத நம் கைப்பேசிக்குள் இன்றும் உலவுகிறது.

அமெரிக்காவில் 1963இல் வகுக்கப்பட்ட ஆஸ்கி குறிமுறை இவ்விரண்டையும் ஏற்று, வரியேற்றுகுறிக்கு 10 என்றும் திரும்புகுறிக்கு 13 என்றும் எண் அளித்தது. கோப்பில் ஒரு வரி முடிந்ததை எந்த எண்ணால் குறிப்பது என்ற கேள்விக்கு இயக்கமுறைமைகள் மூன்று விதமாக விடை கூறின. மல்டிக்ஸைப் பின்பற்றிய யூனிக்ஸ், 10 ஒன்றே போதும் என்றது. லினக்ஸ் அதன் வழி வந்தது. 1970களின் சிபிஎம் முறைமை தொலை அச்சுப்பொறியின் வழக்கப்படியே 13, 10 என இரண்டையும் வைத்தது. 1981இல் வந்த டாஸும் பிறகு விண்டோஸும் அதைக் கைக்கொண்டன. பழைய மெக்கின்டாஷ் 13 மட்டும் வைத்தது. 2001இல் வெளியான மேக் ஓஎஸ் எக்ஸ் முதல் அந்நிறுவனமும் யூனிக்ஸ் வழக்கத்துக்கு வந்துவிட்டது. எனவே இன்று எஞ்சி நிற்கும் வழக்கு இரண்டு. எது சரி என்று வழக்காடுவோர் உண்டு. யூனிக்ஸின் சிக்கனமே நல்லது என்பது என் கருத்து. ஆனால் மின்னஞ்சலும் இணையத்தின் எச்.டி.டி.பி. நெறிமுறையும் இரட்டைக்குறியையே விதிக்கின்றன. காற்புள்ளியால் பிரிக்கும் பட்டியல்களுக்கென 2005இல் வெளியான ஆர்.எஃப்.சி. 4180 ஆவணமும் இரட்டைக்குறியையே கூறுகிறது. ஆகவே எக்செல் போன்ற செயலிகளிலிருந்து வெளிவரும் களப்பட்டியல்கள் இரட்டைக்குறியோடு வருவதில் குற்றமொன்றுமில்லை.

இனி நம் உதாரணத்துக்கு வருவோம். பள்ளியிலோ அலுவலகத்திலோ லினக்ஸில் பிறந்த கோப்பில் ஒவ்வொரு வரியின் ஈற்றிலும் 10 உள்ளது. விண்டோஸ் கணிப்பொறியில் அதைத் திறந்த திருத்தச் செயலி, சேமிக்கும்போது ஒவ்வொரு 10க்கும் முன் ஒரு 13ஐச் சேர்த்துவிட்டது. 2005ஆம் ஆண்டில் லீனஸ் டோர்வால்ட்ஸ் ஆக்கிய கிட் மென்பொருள், கோப்பைப் பைட்டுகளின் வரிசையாகவே கருதும். அதற்கு எழுத்தின் வடிவமும் பொருளும் தெரியா. ஒரு பைட் மாறினாலும் கோப்பின் அடையாள எண் முற்றிலும் வேறாகிவிடும். வரிக்கு வரி ஒப்பிடும்போது ஈற்றுக் குறியும் வரியின் பகுதியே. எனவே நாலாயிரம் வரிகளும் மாறின என்று அது கூறுவது பொய்யன்று. நாலாயிரம் பைட்டுகள் உண்மையிலேயே கூடியிருக்கின்றன.

தமிழ் ஆசிரியர்களுக்கு இதை வேறொரு விதமாகக் கூறலாம். உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதங்களைக் குறித்தார். கிட் செய்வதும் பாடபேதம் காணும் வேலையே. ஓலைச்சுவடியில் செய்யுளின் அடி முடிந்த இடத்தில் வரி முடிவதில்லை. ஓலை முடிந்த இடத்தில் வரி முடிந்தது. ஏடு எழுதுவோர் இருவரின் ஓலை அகலம் வேறாயிருந்தால் வரிமுறிவும் வேறாகும். அறிஞர் எவரும் அதைப் பாடபேதமெனக் குறிக்கமாட்டார். கிட்டுக்கு அந்தப் பகுத்தறிவு இல்லை. எது பாடம், எது ஓலையின் அகலம் என்பதை நாமே அதற்குச் சொல்லிவைத்தல் வேண்டும். அவ்வாறு சொல்லிவைக்கும் இடமே வரியிறுதி அமைப்புகள்.

அவற்றுள் மூத்தது 'கோர்.ஆட்டோசிஆர்எல்எஃப்' என்னும் அமைப்பு. அதற்கு மூன்று மதிப்புகள் உண்டு. 'ட்ரூ' என வைத்தால், களஞ்சியத்தில் பதிவிடும்போது இரட்டைக்குறி ஒற்றையாக்கப்படும். கோப்பைத் திரும்ப எடுக்கும்போது ஒற்றை இரட்டையாக்கப்படும். விண்டோஸ் பயனருக்கு இது ஏற்றது. விண்டோஸுக்கான கிட்டை நிறுவும்போது முன்னிருப்பாக முன்வைக்கப்படுவதும் இதுவே. 'இன்புட்' என வைத்தால் உள்ளே போகும்போது மட்டும் ஒற்றையாக்கப்படும். வெளியே வரும்போது ஒன்றும் செய்யப்படாது. லினக்ஸ் பயனருக்கு இது பொருந்தும். 'ஃபால்ஸ்' என்றால் இருபுறமும் ஒன்றும் செய்யாது, உள்ளது உள்ளபடி போய்வரும். நம் உதாரணத்தில் வீட்டுக் கணிப்பொறியில் இம்மூன்றாவது மதிப்பு இருந்திருக்க வேண்டும் என ஊகிக்கலாம்.

இவ்வமைப்பில் ஒரு பெருங்குறை உண்டு. அது தனியொரு கணிப்பொறியைச் சார்ந்தது. களஞ்சியத்தோடு கூடவே பயணம் செய்யாது. பத்துப் பேர் பணிபுரியும் இடத்தில் ஒன்பது பேர் சரியாக வைத்திருந்து ஒருவர் மறந்தாலும் கேடு விளையும். புதிதாகப் பணியேற்றவரின் மடிக்கணிப்பொறியில் என்ன இருக்கிறது என்பதை எவர் அறிவார்? இதற்காகவே களஞ்சியத்துக்குள்ளேயே வைக்கப்படும் விதிக்கோப்பு ஒன்று ஏற்பட்டது. அதன் பெயர் ஒரு புள்ளியில் தொடங்கி 'கிட்ஆட்ரிபியூட்ஸ்' எனத் தொடரும். அதன் முதல் வரியில் ஒரு நட்சத்திரக் குறியும், இடம் விட்டு 'டெக்ஸ்ட்=ஆட்டோ' என்பதும் எழுதினால், 'எல்லாக் கோப்புகளையும் பார்; உரைக்கோப்பெனத் தோன்றுபவற்றைக் களஞ்சியத்தில் ஒற்றைக்குறியாக வை' என்பது பொருள். இது கோப்போடு கோப்பாகப் பிரதியெடுக்கப்படுவதால் எல்லோரையும் கட்டுப்படுத்தும். தனி அமைப்பு மாறுபட்டால் இவ்விதியே மேலோங்கும். லினக்ஸில் ஓடும் கட்டளைக் கோப்புகளுக்கு 'ஈஓஎல்=எல்எஃப்' என்றும், விண்டோஸின் தொகுதிக் கட்டளைக் கோப்புகளுக்கு 'ஈஓஎல்=சிஆர்எல்எஃப்' என்றும் தனித்தனியே விதிக்கலாம். முன்னதை விதிக்க மறந்தால், கட்டளைக் கோப்பின் முதல் வரியில் ஓட்டும் நிரலின் பெயரோடு திரும்புகுறியும் ஒட்டிக்கொள்ளும்; அப்பெயருடைய நிரலே இல்லையென்று லினக்ஸ் மறுத்துவிடும். கண்ணெதிரே இருக்கும் நிரலை இல்லையென்று அது கூறுவதைக் கண்டு திகைத்தோர் பலர்.

இதைக் காட்டிலும் தீங்கானது சத்தமின்றி நேரும் பிழை. நம் பட்டியலில் கடைசிப் பத்தி மரத்தின் நிலை. கோப்பு இரட்டைக்குறியோடு லினக்ஸுக்கு வந்து, அங்கே எளிய நிரலொன்று வரியை 10இல் முறித்துக் கடைசிப் பத்தியை எடுத்தால், கிடைப்பது 'விழுந்தது' என்னும் சொல் அன்று. 'விழுந்தது' என்பதோடு கண்ணுக்குத் தெரியாத 13. 'விழுந்தது எத்தனை?' என்று கேட்டால் சுழியம் என்று விடை வரும். பிழைச் செய்தி எதுவும் தோன்றாது. காடு முழுவதும் நலமாக நிற்பதாக அறிக்கை அமைந்துவிடும்!

ஏற்கெனவே கலந்து கிடக்கும் களஞ்சியத்தைத் திருத்துவது எப்படி? விதிக்கோப்பை எழுதிச் சேர்த்தபின், 'கிட் ஆட்' கட்டளையுடன் 'ரீநார்மலைஸ்' என்னும் விருப்பத்தைக் கொடுத்தால், பதிவிலுள்ள கோப்புகள் யாவும் புதிய விதிப்படி மறுபடி பதியப்படும். இவ்விருப்பம் 2018இன் தொடக்கத்தில் வெளியான 2.16ஆம் பதிப்பிலிருந்து உள்ளது. இதைச் செய்யும் பதிவில் வேறெந்த மாற்றமும் கலக்கலாகாது; ஓர் எழுத்துப்பிழைத் திருத்தம்கூட அதில் இருக்கக்கூடாது. பின்னாளில் வரியொன்றை எழுதியவர் யாரென்று தேடுவோர்க்கு, வரியிறுதியைத் திருத்தியவர் பெயரே எல்லா வரிகளிலும் எதிர்ப்படும். அத்தகைய பதிவைத் தள்ளிவிட்டுத் தேடும் வசதி 2019இல் வெளியான 2.23ஆம் பதிப்பிலிருந்து உண்டு. ஆனால் தள்ளத்தக்க பதிவு தூய்மையாக இருந்தால் மட்டுமே அதைத் தள்ள முடியும். மேலே கூறிய மேலாளரைப் போல நாலாயிரம் வரிகளை எதிர்கொண்டவர்க்கும் உடனடி உதவி ஒன்றுள்ளது. ஒப்பிடும் கட்டளையில் வரியீற்றுத் திரும்புகுறியைப் பொருட்படுத்தாதே என்னும் விருப்பத்தைச் சேர்த்தால், பொய் மாற்றங்கள் மறைந்து அந்த ஒரு மரம் மட்டும் திரையில் நிற்கும்.

உரையல்லாத கோப்புகளைப் பற்றியும் ஒரு சொல். படக்கோப்பில் 13, 10 என்னும் பைட்டுகள் தற்செயலாக அடுத்தடுத்து வரலாம். அவை வரியிறுதி அல்ல. அவற்றுள் ஒன்றை நீக்கினால் படம் கெடும். பி.என்.ஜி. படமுறையை வகுத்தவர்கள் இதை முன்னறிந்தே கோப்பின் முதல் எட்டுப் பைட்டுகளுள் 13, 10 என்னும் இணையையும், பின்னர் தனித்த 10 ஒன்றையும் வேண்டுமென்றே வைத்தனர். வழியில் யாரேனும் வரியிறுதியை மாற்றியிருந்தால் தலைப்பே கெட்டுப்போயிருக்கும்; படத்தைத் திறக்கும் செயலி அதை உடனே கண்டுகொள்ளும். பாற்குடத்துக்கு வைத்த முத்திரை போன்றது அது. விதிக்கோப்பில் பட வகைகளுக்கு 'பைனரி' என்று எழுதிவிட்டால் கிட் அவற்றைத் தொடாது.

இங்கே இரு மொழி வழங்கும் மறையூருக்கே உரிய ஒரு விசித்திரம் உண்டு. யூனிக்கோடு எழுத்துகளைக் கோப்பில் வைக்கும் முறைகள் பல. யு.டி.எஃப்-8 முறையில் தமிழ், மலையாளம் இரண்டிலும் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டுகள். அம்மூன்றும் 128க்குக் குறையாதவை. ஆதலால் 10ஓ 13ஓ எழுத்தினுள் ஒளிந்திருக்க வழியே இல்லை. யு.டி.எஃப்-16 முறையில் நிலைமை வேறு. அதில் ஒவ்வொரு குறிக்கும் இரண்டு பைட்டுகள். முதற்பைட் அம்மொழியின் வட்டாரத்தைக் காட்டும். தமிழுக்கு அது 11, தெலுங்குக்கும் கன்னடத்துக்கும் 12, மலையாளத்துக்கு 13! திரும்புகுறியின் எண் மலையாளத்தின் ஒவ்வோர் எழுத்திலும் உறைந்திருக்கிறது. அவற்றுள்ளும் 'ஊ' என்னும் மலையாள உயிரெழுத்தின் இரு பைட்டுகள், பெரும்பைட் முன்வரும் ஒழுங்கில், சரியாக 13, 10. 'ஊர்' என்று மலையாளத்தில் எழுதினால் அதன் முதலெழுத்து இரட்டைக்குறியே ஆகிவிடுகிறது. அத்தகைய கோப்பை உரைக்கோப்பென்று கட்டாயமாக விதித்துவிட்டால் கிட் அந்த 13ஐ அகற்றும். எழுத்தொன்று அழிவதோடு நிற்காது. ஒரு பைட் குறைந்ததால் அதற்குப் பின்வரும் எல்லா இணைகளும் இடம்பெயர்ந்து, எஞ்சிய உரை முழுதும் உருக்குலையும். தானாகக் கண்டறியும்படி விட்டால் இக்கேடு பொதுவாக நேராது. இடைவெளி முதலிய குறிகளில் சுழியப் பைட் இருப்பதைக் கண்டு, இது உரையன்று எனக் கிட் ஒதுங்கிவிடும். ஆனால் அப்பொழுது வரிக்கு வரி ஒப்பிட்டும் காட்டாது. ஆகவே இருமொழிப் பதிவேடுகளை யு.டி.எஃப்-8 முறையில் சேமிப்பதே தக்கது.

வகுப்பறையில் செய்து காட்டத்தக்க சோதனை ஒன்று. 'மறையூர்', 'சந்தனம்', 'கரும்பு' என்னும் மூன்று சொற்களை வரிக்கு ஒன்றாக எழுதி யு.டி.எஃப்-8இல் சேமிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு சொல்லிலும் மெய், உயிர்க்குறி, புள்ளி ஆகியவற்றைத் தனித்தனியே எண்ணினால் ஏழு குறிகள் வரும். எனவே சொல்லுக்கு 21 பைட்டுகள், மூன்றுக்கும் 63. மாணவர்கள் இதைத் தாளிலேயே கணக்கிடலாம். பிறகு கோப்பின் அளவைக் கணிப்பொறியில் பார்க்கவேண்டும். 66 என்றிருந்தால் ஒற்றைக்குறி. 69 என்றிருந்தால் இரட்டைக்குறி. 65 அல்லது 67 வந்தால், கடைசி வரிக்குப்பின் குறியிடாமல் விட்டிருக்கிறார்கள் என்று பொருள். ஒப்பீட்டின்போது கிட் இதையும் தனியே குறிப்பிடும். இங்கே ஓர் எச்சரிக்கை. சில விண்டோஸ் செயலிகள் யு.டி.எஃப்-8 கோப்பின் தலைப்பில் அடையாளமாக மூன்று பைட்டுகளைச் சேர்ப்பதுண்டு. நோட்பேடே 2019 வரையில் அவ்வாறு செய்துவந்தது. அப்பொழுது ஒற்றைக்குறிக் கோப்பும் 66உடன் 3 சேர்ந்து 69 ஆகிவிடும். அளவு மட்டும் பார்த்து முடிவுசெய்யும் மாணவர் இவ்விடத்தில் இடறுவார். லினக்ஸில் 'ஓடி' என்னும் கட்டளையுடன் 'சி' விருப்பத்தைக் கொடுத்துப் பைட்டுகளை வரிசையாகப் பார்த்தால், திரும்புகுறி இருக்கும் இடத்தில் இடச்சாய்கோடும் 'ஆர்' எழுத்தும், வரியேற்றுகுறி இருக்கும் இடத்தில் இடச்சாய்கோடும் 'என்' எழுத்தும் தோன்றும். அதே கோப்பை வீட்டுக் கணிப்பொறியில் ஒருமுறை திறந்து, ஓரெழுத்தையும் மாற்றாது சேமித்துவரச் செய்து, மறுநாள் மீண்டும் எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.